வாத்துக்கு விரித்த வலை

மார்கழியில் தேரூர் குளத்தில் மிதக்கும் ஊசிவால் வாத்துகளைப் பார்த்திருக்கிறீர்களா? அவற்றின் பூர்வீகத்தைக் கண்டுபிடிக்க உதவியவர்கள் யார் தெரியுமா? வேட்டைக்காரர்கள்!

1741-ல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவிடம் உதைபட்டார்களே டச்சுக்காரர்கள், அவர்கள் ஊரில் வாத்து பிடிப்பது தனிக் கலை. குளத்திலிருந்து வளைந்து பிரியும் வாய்க்கால்; மேலே வலைப்பந்தல். கரையில் பழக்கிய நாய் ஒன்று தட்டிகளுக்கிடையே தலைகாட்டி மறையும். 'அதென்ன?' என்று பின்னாலேயே நீந்தும் வாத்து, குறுகிய முனையில் மாட்டிக்கொள்ளும். பிற்காலத்தில் அதே பொறிகளில் பிடித்து, காலில் வளையம் மாட்டிப் பறக்கவிட்டார்கள்.

நம் நாட்டில் சலீம் அலிக்கு, பீகாரின் பரம்பரை வேடர்களான மீர்ஷிகார்கள் கைகொடுத்தார்கள். வளையத்தோடு பறந்த வாத்துகள் சைபீரியாவில் அகப்பட்டன!

2022-ல் தேரூர் ராம்சார் பட்டியலில் ஏறியது. இனி வாத்தை ஒழிக்க வலையே வேண்டாம். குளத்தைத் தூர்த்தால் போதும்.