கால் வேலியும் பிடி அரிசியும்

உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்ட இரண்டு கல்வெட்டுகள் குடவோலை முறையை விரித்துரைப்பதனால் பாடநூல்களில் இடம்பெற்றுப் புகழடைந்தன. ஆயினும் அவை ‘சபை’ என்று சுட்டிய கூட்டத்துக்கு உரியவர் யார் என்பது அந்தப் புகழுரைகளில் அவ்வளவாகக் கவனிக்கப்படுவதில்லை. அது சதுர்வேதிமங்கலத்தின், அதாவது வேதம் கற்ற பிராமணருக்குத் தானமாக வழங்கப்பட்ட ஊரின் சபை. முப்பது குடும்புகளாக, அதாவது தொகுதிகளாகப் பகுக்கப்பட்டிருந்த அவ்வூரில் ஒருவர் பெயர் ஓலையில் எழுதப்பட்டுக் குடத்தில் இடப்பட வேண்டுமானால், இறை செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் அவருக்கு இருக்க வேண்டும். தம் சொந்த மனையில் கட்டிய வீட்டில் அவர் வாழ வேண்டும். மந்திர பிராமணம் என்னும் வேதப்பகுதியைக் கற்றிருக்க வேண்டும். வயது முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் அமைய வேண்டும். வேதமொன்றில் ஆழ்ந்த புலமை உடையவருக்கு மட்டும் நில அளவு அரைக்கால் வேலியாகத் தளர்த்தப்பட்டது. நிலம், மனை, எழுத்து என்னும் மூன்றுமே ஒருவரைச் சபையாராக்கின. வயலில் உழுதவரும் ஏரிக்கரையில் மண் சுமந்தவரும் வாழ்ந்த சேரிக்கு இம்மூன்றில் ஒன்றும் உரிமையாக இல்லை.

ஏறத்தாழ ஒன்பதரை நூற்றாண்டுகளுக்குப் பிறகு, இவ்வட்டாரத்தை உள்ளடக்கிய செங்கற்பட்டு மாவட்டத்தின் சேரிகளில், ‘சபை’ என்னும் அதே சொல் முற்றிலும் வேறொரு கூட்டத்துக்குப் பெயராயிற்று. புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கியோர் விசுவாசிகளின் கூட்டத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லுக்குச் ‘சபை’ என்பதையும், அக்கூட்டத்தார் தம்முள் கொள்ளும் உறவைக் குறிக்கும் சொல்லுக்கு ‘ஐக்கியம்’, ‘அந்நியோந்நியம்’ என்பவற்றையும் ஆண்டனர். ஹென்றி பவர் தலைமையில் திருத்தப்பட்டு 1871இல் வெளிவந்த வேதாகமம் வழியாக இவை பரவி நிலைபெற்றன. பேச்சு வழக்கில் அந்நியோந்நியம் கணவன் மனைவியின் நெருக்கத்தைச் சுட்டும் சொல்லாகச் சுருங்கிவிட, ஐக்கியம் மட்டும் சபை வழக்கில் தங்கிற்று. இந்தப் புதிய சபையில் சேர்வதற்கு நிலமோ மனையோ கல்வியோ நிபந்தனை அன்று. ஞானஸ்நானம், அதாவது நீரினால் பெறும் திருமுழுக்கு, ஒன்றே நிபந்தனை. ஆனால் அதன் ஒன்றரை நூற்றாண்டு வரலாறு, பழைய சபை தகுதிகளாக விதித்த அந்த மூன்றையும் தன் மக்களுக்குப் பெற்றுத் தரும் முயற்சியாகவே பெரும்பாலும் அமைந்தது.

முதலில் வந்தது எழுத்து. ஸ்காட்லாந்து திருச்சபையின் ஜான் ஆண்டர்சன் 1837இல் சென்னைக்கு வந்து பள்ளியொன்றைத் தொடங்கி, சில ஆண்டுகளுக்குள் காஞ்சிபுரத்திலும் செங்கற்பட்டிலும் அதற்குக் கிளைகளை நிறுவினார்; காஞ்சிபுரத்தில் அவர் பெயரைத் தாங்கிய பள்ளி இன்றும் இயங்கி வருகிறது. உயர்சாதி இளைஞரை ஆங்கிலக் கல்வியால் ஈர்ப்பதே ஸ்காட்லாந்து மிஷனரிகள் முதலில் வகுத்த திட்டம். ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளைச் சென்னைப் பள்ளியில் சேர்த்தபோது மற்ற மாணவர் பலர் வெளியேறினர். ஆண்டர்சன் தம் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை. 1841இல் ராஜகோபால், வெங்கடராமையா, எதிராஜுலு என்னும் மாணவர்கள் ஞானஸ்நானம் பெற்றபோது எதிர்ப்பு மீண்டும் மூண்டது. மதம் மாறியவர் குடும்பச் சொத்தில் தம் பங்கை இழக்கும் நிலை அக்காலத்தில் இருந்தது. அதை நீக்கிய சட்டம் 1850இல்தான் வந்தது. ஆகவே அம்முதல் தலைமுறைக்குச் சபை என்பது வீட்டையும் உறவையும் இழந்து தனித்தனியாக வந்தவர்களின் புகலிடமாக இருந்தது.

கிராமங்களில் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறானது. 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும்பஞ்சத்துக்குப் பின் வடதமிழ்நாட்டுச் சேரிகளில் தனியாட்கள் அல்ல, குடும்பங்களும் உறவுக் கூட்டங்களும் ஒருங்கே ஞானஸ்நானம் கேட்டன. இன்றைய உத்திரமேரூர் வட்டத்துக்குத் தென்மேற்கே அமைந்த சேத்துப்பட்டில் கத்தோலிக்கக் குரு ஜான் பிரான்சுவா தரசு திரட்டிய பெருங்கூட்டமும் இதே காலத்தைச் சேர்ந்தது. இவ்வாறு வந்தோரைச் ‘சோற்றுக் கிறிஸ்தவர்’ என்று ஏளனம் செய்தல் அன்றும் இருந்தது, இன்றும் உண்டு. பசி உண்மை என்பதில் ஐயமில்லை. எனினும் மிராசுதாரரின் கோபத்துக்கு ஆளாகி, வேலையையும் குடியிருப்பையும் இழக்கத் துணிந்து ஒரு கூட்டத்தில் சேர்ந்ததைச் சோற்றுக்கணக்கு மட்டும் விளக்கிவிடாது.

மிராசு என்பது செங்கற்பட்டுப் பகுதியில் ஊர் நிலத்தின்மீது வேளாளர், பிராமணர் முதலியோர் பரம்பரையாகக் கொண்டிருந்த கூட்டுரிமை. தரிசு நிலத்தைத் தரகாஸ்து வழியாக, அதாவது அரசுக்கு விண்ணப்பம் இட்டு, பெறுவதிலும் மிராசுதாரருக்கே முன்னுரிமை இருந்தது. படியாள், அதாவது நெல்லைக் கூலியாகப் பெற்றுக் கடனால் கட்டுண்டு உழைக்கும் பண்ணையாள், குடியிருந்த மனையும் பல ஊர்களில் மிராசுதாரரின் கைக்குள் இருந்தமையால், எதிர்த்துப் பேசியவரை வீட்டிலிருந்தே வெளியேற்ற முடிந்தது. செங்கற்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீர் 1891இல் அரசுக்கு அளித்த அறிக்கை இந்நிலையை விவரித்தது. செங்கற்பட்டில் பணியாற்றிய ஸ்காட்லாந்து மிஷனரி ஆதாம் ஆண்ட்ரூவும் திருவள்ளூர் அருகே ஈக்காட்டில் பணியாற்றிய வெஸ்லியன் மிஷனரி வில்லியம் கௌடியும் இதே குறையைத் தொடர்ந்து எடுத்துரைத்தனர். 1892இல் பிறந்த அரசாணை ஒடுக்கப்பட்டோருக்கெனத் தரிசு நிலங்களை ஒதுக்க வழி செய்தது. பிற்காலத்தில் பஞ்சமி நிலம் என்று பெயர் பெற்றவை இவையே. ஆண்ட்ரூ அரசாணையோடு நிற்காமல் சிங்கப்பெருமாள்கோயிலுக்கு அருகில் மெல்ரோசாபுரம் என்னும் வேளாண் குடியிருப்பை உருவாக்கினார். அப்பெயர் செங்கற்பட்டு மண்ணில் இன்றும் வழங்குகிறது. ஆகவே இவ்வட்டாரத்தில் ஐக்கியம் என்பது தொடக்கம் முதலே வழிபாட்டோடு நில்லாமல், மனுவும் பட்டாவும் கலந்த ஒன்றாக இருந்தது. இதை ஆன்மிகத்தின் தாழ்வென்று கருதிய மிஷனரிகளும் இருந்தனர். அவர்களைவிடச் சேரி மக்களே சபை என்னும் சொல்லைச் சரியாகப் புரிந்துகொண்டனர் எனலாம்.

கிராமச் சபையின் அன்றாட வாழ்வு வயல் வேலைக்கு ஏற்ப அமைந்தது. பகலில் பள்ளிக்கூடமாகப் பயன்பட்ட கூரைக் கொட்டகையே இரவில் ஜெபவீடு. பகலில் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி கற்பித்த உபதேசியாரே, அதாவது குருப்பட்டம் பெறாமல் சபையை நடத்திய ஊழியரே, வேலை முடிந்து களைத்து வந்தோருக்கு விளக்கு வெளிச்சத்தில் வேதபாடமும் கீர்த்தனையும் சொல்லிக் கொடுத்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர் பாட்டாகவும் வினா விடையாகவும் மனப்பாடம் செய்தனர். குருவானவர் பல ஊர்ச் சபைகள் அடங்கிய குருசேகரம் முழுவதையும் கவனிக்க வேண்டியிருந்ததால், திருவிருந்து, அதாவது அப்பமும் திராட்சரசமும் பகிரும் ஆராதனை, அவர் வரும் நாளில் மட்டுமே நடைபெற்றது. இடைப்பட்ட நாட்களில் சபையைக் கட்டிக் காத்தவை சிறு வழக்கங்களே. அவற்றுள் பிடி அரிசி குறிப்பிடத்தக்கது: உலை வைக்கும்போதெல்லாம் வீட்டுப் பெண் ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் எடுத்து வைத்து, சேர்ந்ததைச் சபைக்குக் கொண்டுவந்து தரும் இவ்வழக்கம் தமிழ்ச் சபைகள் பலவற்றில் வேரூன்றியது. சோற்றுக்காகச் சேர்ந்தவர்கள் என்று இகழப்பட்டோர் தம் சோற்றிலிருந்து எடுத்து வைத்தனர் என்பது அந்த ஏளனத்துக்குப் போதிய விடை. அறுப்பின் பண்டிகையில் நெல், பூசணி, கோழி எனக் காணிக்கையாக வந்தவை ஏலம் விடப்பட்டன. ஒரே சுரைக்காய் விட்டுக்கொடுக்காத போட்டியில் பலமுறை கை மாறி, சந்தை விலையைப் பன்மடங்கு மீறுவதும் அந்த ஏலத்தின் களிப்பில் அடங்கும்.

உடன் உண்பதே ஐக்கியத்தின் கடுமையான உரைகல்லாக இருந்தது. 1833இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் திருச்சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று எழுதிய கடிதத்தைத் தஞ்சாவூர், வேப்பேரி முதலிய இடங்களின் உயர்சாதிக் கிறிஸ்தவர் ஏற்க மறுத்தனர். 1850இல் சென்னை மிஷனரி மாநாடும் அதே கொள்கையை வலியுறுத்தியது. தாழ்த்தப்பட்டவர் சமைத்த உணவை உண்ணும் அன்பின் விருந்து, சாதியை விட்டதற்குச் சான்றாகக் கேட்கப்பட்டது. செங்கற்பட்டுக் கிராமங்களில் இந்தச் சோதனைக்குத் தேவை அரிதாகவே எழுந்தது. சபையார் பெரும்பாலும் ஒரே சேரியினர், ஒரே உறவினர். அதனால் ஐக்கியம் எளிதாயிற்று, ஆனால் எல்லையும் அதுவே ஆயிற்று: சேரிக்குள் கட்டிய சபை ஊரை எட்டவில்லை, ஊர்த்தெருவும் சேரியைத் தேடி வரவில்லை. இரத்த உறவு எங்கே முடிகிறது, விசுவாச உறவு எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறிய இயலாத சபை, தன் உறவினரல்லாத ஒருவரை எவ்வாறு ஏற்கும் என்னும் வினாவை இம்மாவட்டத்தின் பெரும்பாலான ஊர்கள் சந்திக்க நேரவே இல்லை. இதனை இவ்வரலாற்றின் பெருங்குறையாகவே கொள்ள வேண்டும்.

இந்தக் கிராமச் சபைகளிடையே பணியாற்றிய ஒருவர் பின்னர் உலகத் திருச்சபை இயக்கத்தின் சிந்தனையை வடிவமைத்தார் என்பது உள்ளூரிலும் பலர் அறியாத செய்தி. 1936இல் இந்தியாவுக்கு வந்த ஸ்காட்லாந்து திருச்சபை ஊழியர் லெஸ்லி நியூபிகின், 1939 முதல் காஞ்சிபுரத்தை மையமாகக் கொண்டு சுற்றுக் கிராமங்களைக் கவனித்தார். காஞ்சிபுரத்து ராமகிருஷ்ண மடத்தில் இந்து அறிஞரோடு அமர்ந்து உபநிடதமும் யோவான் நற்செய்தியும் படித்ததும் அக்காலத்திலேயே. வெளியிலிருந்து சம்பளத்துக்கு வரும் ஊழியரைவிட, ஊரிலேயே பிறந்து உழைத்து வாழும் மூப்பர்களே சபையை நடத்த வேண்டும் என்னும் கருத்து அவரிடம் வலுப்பெற்றது. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னைப் புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை ஆகியவை இணைந்து தென்னிந்தியத் திருச்சபை பிறந்தபோது அவர் மதுரை இராமநாதபுரம் பேராயரானார். 1965 முதல் 1974 வரை சென்னைப் பேராயராக இருந்தார். ஒவ்வோர் இடத்திலும் ஞானஸ்நானம் பெற்றோர் அனைவரும் கண்ணுக்குத் தெரியும் ஒரே ஐக்கியமாக வாழ வேண்டும் என்று 1961இல் உலகத் திருச்சபை மன்றம் புதுதில்லியில் ஏற்ற அறிக்கையின் உருவாக்கத்தில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. ‘ஒவ்வோர் இடத்திலும்’ என்னும் அழுத்தத்தில் காஞ்சிக் கிராமங்களின் தடம் தெரிகிறது என்று சொன்னால் மிகையாகாது.

கத்தோலிக்கத் தரப்பில், இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் பரவிய ‘அன்பியம்’, அதாவது பங்கிலுள்ள அண்டை வீட்டார் சிலர் கூடி விவிலியம் வாசித்துத் தம் பகுதியின் தேவைகளைப் பேசும் சிறு குழு, ஏறத்தாழ இதே நோக்கத்தைக் கொண்டது.  புராட்டஸ்தாந்துத் தரப்பில், மதுரை அரசரடித் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றி 2005இல் மறைந்த தியாபிலஸ் அப்பாவு ‘ஒரே உலை’ என்னும் கருத்தை முன்வைத்து, ஒரு பானையில் பொங்கிப் பகிர்வதே திருவிருந்தின் பொருள் என்று நாட்டுப்புற இசையில் பாடியபோது, பிடி அரிசிக் கலயம் இறையியல் மொழிக்குள் வந்தது.

பதிவேடு வேறொரு கதை. சபையின் ஞானஸ்நானப் பதிவேட்டில் எழுதப்பட்ட பெயர், எழுத்தறியாத தலைமுறைக்குக் குடும்பத்தின் முதல் ஆவணமாகவே இருந்தது. ஆனால் 1950ஆம் ஆண்டின் அட்டவணைச் சாதிகள் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்துக்கள் அல்லாதோரை அப்பட்டியலிலிருந்து விலக்கியது; சீக்கியர் 1956இலும் பௌத்தர் 1990இலும் சேர்க்கப்பட்டபோதும் கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் வெளியிலேயே நிறுத்தப்பட்டனர். சென்னையில் காலணி தைக்கும் தொழிலாளியான சூசை தொடுத்த வழக்கை உச்ச நீதிமன்றம் 1985இல் தள்ளுபடி செய்தது. தமிழ்நாட்டில் கிறிஸ்தவ ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் உள்ளனர். சாதிச் சான்றிதழில் ஒரு பெயர், சபையில் வேறொரு பெயர் என்று வாழும் குடும்பங்கள் இதனால் உருவாயின. ஞானஸ்நானம் ஒருவரைச் சபைக்கு உரியவராக்கிய அதே கணத்தில் அரசின் பட்டியலிலிருந்து அவரை நீக்கிற்று.

நிலமும் முடிந்த கதை அன்று. பஞ்சமி நிலங்கள் பல கைமாறிப் போனதை எதிர்த்து 1990களில் செங்கற்பட்டுப் பகுதியில் எழுந்த போராட்டத்தில் கிறிஸ்தவரும் இந்துக்களுமாகச் சேரியினர் ஒன்றுதிரண்டனர். மாமல்லபுரத்துக்கு அருகே காரணை கிராமத்தின் நிலத்துக்காக நடந்த போராட்டத்தின்போது, 1994 அக்டோபர் 10 அன்று செங்கற்பட்டில் காவல்துறை சுட்டதில் இருவர் உயிரிழந்தனர். ஒருவர் பெயர் ஜான் தாமஸ், மற்றவர் பெயர் ஏழுமலை.