தாமிரபரணிக் கரையில் ஒரு பறவைத் திருவிழா

பறவைத் திருவிழா என்றவுடன் பலருக்கும் வெளிநாடுகள்தான் நினைவுக்கு வரும். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் வாசா என்று ஒரு நகரம். அங்கே உள்ள லீ யாக்கி உட்சன் கலை அருங்காட்சியகம் 1976 முதல் ஆண்டுதோறும் "கலையில் பறவைகள்" என்ற கண்காட்சியை நடத்தி வருகிறது. பல நாட்டு ஓவியர்களும் சிற்பிகளும் தங்கள் பறவைகளை அங்கே கொண்டு வந்து வைக்கிறார்கள். நம் பக்கம் இப்படி ஒன்று இல்லையே என்று தோன்றலாம். உண்மையில் இருக்கிறது. அதுவும் இளவேனில் காலத்தில், காயல்பட்டினத்துக்கு மிக அருகில்!

காயல்பட்டினத்தில் திருநெல்வேலி ரயிலில் ஏறி, ஆறுமுகநேரி, குரும்பூர், நாசரேத் தாண்டினால் ஆழ்வார்திருநகரி வரும். நம்மாழ்வார் பிறந்த ஊர். தாமிரபரணியின் இரு கரைகளிலும் உள்ள நவதிருப்பதி எனப்படும் ஒன்பது பெருமாள் கோயில்களில் இதுவும் ஒன்று. சித்திரையும் வைகாசியும் தமிழர் கணக்கில் இளவேனில். அந்த வைகாசியில் நம்மாழ்வாரின் அவதார விழா நடக்கும்போது, ஸ்ரீவைகுண்டம், நத்தம், திருப்புளிங்குடி, இரட்டைத் திருப்பதி, பெருங்குளம், தென்திருப்பேரை, திருக்கோளூர் ஆகிய ஊர்களின் பெருமாள்கள் எல்லாம் இங்கே வந்து சேர்கிறார்கள். இரவில் ஒன்பது பேரும் ஒன்பது கருட வாகனங்களில் வரிசையாக எழுந்தருளுகிறார்கள். நம்மாழ்வார் அன்ன வாகனத்தில் வருகிறார். ஒரே தெருவில் ஒன்பது கருடன், ஓர் அன்னம். பக்திக்காகப் போகிறவர்கள் பெருமாளைப் பார்ப்பார்கள். சற்றே கீழே பார்த்தால் பறவைகள் தெரியும்.

வாகனக் கலை தனிக் கலை. மரத்தில் உருவம் செதுக்கி, மேலே உலோகத் தகடு போர்த்துவது வழக்கம். கருடனுக்கு மனித உடல், விரிந்த சிறகு, அலகு போல வளைந்த மூக்கு, பெருமாளின் பாதத்தைத் தாங்க நீட்டிய கைகள். இது கற்பனைதானே என்று கேட்கலாம். பாதிதான் கற்பனை. வெள்ளைத் தலையும் செம்பழுப்பு உடலுமாக வானில் வட்டமிடும் செம்பருந்தைத்தான் நம் மக்கள் இன்றும் கருடன் என்கிறார்கள். கும்பாபிஷேகத்தின்போது எல்லோரும் அண்ணாந்து தேடுவது அதைத்தான். மீன் கிடைக்கும் கடற்கரைகளை அது விடுவதில்லை. கோயிலில் வாகனமாக நிற்கும் பறவை, கடற்கரையில் மீனுக்காகச் சுற்றும் பறவைதான்.

அன்னத்தின் கதை இன்னும் சுவையானது. பாலையும் நீரையும் பிரிக்கும் என்று சொல்லப்படுவதால் அன்னம் என்ற பறவையே கிடையாது என்று பலர் முடிவு கட்டிவிட்டார்கள். நெதர்லாந்து அறிஞர் ஜே.பி.எச். வோகல் இந்திய இலக்கியத்திலும் கலையிலும் வரும் இந்தப் பறவையைப் பற்றி ஒரு தனி நூலே எழுதினார்; அது 1962இல் வெளியானது. அன்னம் என்பது நாம் படங்களில் பார்க்கும் ஐரோப்பிய வெள்ளை அன்னம் அல்ல, வரித்தலை வாத்து என்ற காட்டு வாத்துதான் என்பது அவர் கருத்து. தலையில் இரண்டு கறுப்புக் கோடுகள் கொண்ட பறவை இது. திபெத், மங்கோலியா பக்கத்து ஏரிகளில் குஞ்சு பொரித்துவிட்டு, இமயமலையைக் கடந்து குளிர்காலத்துக்குத் தெற்கே வருகிறது. எங்கே வருகிறது தெரியுமா? திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்துக்கும் வருகிறது! வோகல் சொன்னது சரியென்றால், நம்மாழ்வாரின் வாகனம் ஒவ்வொரு ஆண்டும் உயிரோடு பறந்து இந்த வட்டாரத்துக்கு வந்து போகிறது.

நம்மாழ்வாருக்கும் பறவைகளுக்கும் வேறு தொடர்பும் உண்டு. திருவாய்மொழியின் முதல் பத்திலேயே நாரை, குயில், அன்னம், கிளி என்று பறவைகளைத் திருமாலிடம் தூது போகச் சொல்லும் பாடல்கள் இருக்கின்றன. அவர் ஊரின் பழைய பெயர் குருகூர். தலபுராணம் அதற்கு வேறு காரணம் சொல்லும். ஆனால் குருகு என்பது தமிழில் நீர்ப்பறவையின் பெயரும்கூட.

இந்தப் பள்ளத்தாக்கில் பறவைகளைக் கலையில் வைக்கும் பழக்கம் கோயில்களோடு தொடங்கியதல்ல. ஆழ்வார்திருநகரியிலிருந்து ஸ்ரீவைகுண்டம் தாண்டி மேற்கே போனால் ஆதிச்சநல்லூர். இரும்புக் காலத்துத் தாழிக்காடு. அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை இங்கே தோண்டியபோது வெண்கலச் சேவலும், பறவை உருவங்கள் அமர்ந்த வெண்கல மூடிகளும் கிடைத்தன. நூறு ஆண்டுகள் கழித்து, சத்தியமூர்த்தி தலைமையில் தொல்லியல் துறை மறுபடி தோண்டியது. அப்போது ஒரு தாழியில் கிடைத்த பானை ஓட்டில் புடைப்பு உருவங்கள் இருந்தன. ஒரு பெண், நெற்பயிர், ஒரு கொக்கு, ஒரு மான், ஒரு முதலை. செய்தவர் பெயர் தெரியாது. ஆனால் நெல் வயலையும் கொக்கையும் தினமும் பார்த்தவர் என்பது மட்டும் தெரிகிறது. பக்கத்துச் சிவகளையில் ஒரு தாழியில் இருந்த நெல்லுக்குக் கி.மு. 1155 என்று காலம் கணித்திருப்பதாக 2021இல் தமிழக அரசு அறிவித்தது. நெல் இருந்தால் தண்ணீர் இருந்திருக்கும். தண்ணீர் இருந்தால் கொக்கு வராமல் இருக்குமா?

அங்கிருந்து திருநெல்வேலிக்குப் போகும் சாலையில் கிருஷ்ணாபுரம் இருக்கிறது. நாயக்கர் காலத்து வெங்கடாசலபதி கோயில். 16ஆம் நூற்றாண்டு. அங்கே அன்னத்தின் மேல் அமர்ந்த ரதியின் சிலை புகழ் பெற்றது. பானையில் கொக்கு, கல்லில் அன்னம், மரத்தில் கருடன். சுமார் மூவாயிரம் ஆண்டுகளாக இந்த ஆற்றங்கரைக் கலைஞர்கள் பறவையை விடவில்லை.

காரணம் எளிமையானது. தாமிரபரணி பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் கலக்கும் வரை அணைக்கட்டுகள், கால்வாய்கள், குளங்கள் என்று பரந்து கிடக்கிறது. குளத்து நீர் நெல்லுக்கு, குளத்து மீன் பறவைக்கு. கூந்தன்குளத்து மக்கள் பறவைகளின் எச்சம் கலந்த குளத்து மண்ணை வயலுக்கு உரமாக்குகிறார்கள். பறவைகள் பயப்படும் என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. இது பக்தி மட்டுமல்ல, இரு தரப்புக்கும் லாபமுள்ள வியாபாரமும்கூட! கூந்தன்குளம் 1994இல் சரணாலயமானது. 2022இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது.

மற்ற குளங்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. பல குளங்கள் தூர்ந்து கிடக்கின்றன. சிலவற்றில் ஆகாயத்தாமரை, சிலவற்றில் சீமைக்கருவேலம், ஊருக்குப் பக்கத்தில் இருந்தால் சாக்கடையும் சேர்ந்துவிடுகிறது. 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் எத்தனையோ குளங்கள் உடைந்தன. ஊர்கள் மூழ்கின. திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. குளத்தின் கரையும் ஆழமும் வெறும் பறவைப் பிரச்சினை அல்ல, மனிதர்களின் உயிர்ப் பிரச்சினை என்று அன்றைக்குத் தெரிந்தது.

ஒரு கடை நடத்துபவர் ஆண்டுக்கு ஒரு முறையாவது இருப்பைக் கணக்கெடுப்பார். குளங்களுக்கும் அப்படி ஒரு கணக்கு 2011இல் தொடங்கியது. மணிமுத்தாறில் உள்ள அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம் உள்ளிட்ட அமைப்புகள் ஜனவரி இறுதியில் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பை நடத்துகின்றன. மாணவர்களும் ஆசிரியர்களும் ஊர்க்காரர்களும் காலையில் குளக்கரையில் நின்று எண்ணுகிறார்கள். கூழைக்கடா எத்தனை, நாரை எத்தனை, வாத்து எத்தனை. எந்தக் குளத்தில் எது குறைந்தது என்று சொல்ல வேறு வழி கிடையாது.

ஆக, இந்த ஆற்றங்கரையில் பறவைகளுக்கு ஆண்டுக்கு இரண்டு விழாக்கள். வைகாசியில் ஒன்பது கருடன்களைத் தோளில் சுமக்கிறார்கள். தை மாதத்தில் குளத்துப் பறவைகளை எண்ணுகிறார்கள். முதல் விழாவில் பறவைகள் குறையப்போவதில்லை. மரத்தில் செய்தவை, ஒன்று பழுதானால் இன்னொன்று செய்து கொள்ளலாம். இரண்டாவது விழாவில் வர வேண்டியவை தாமாகப் பறந்து வர வேண்டும். அவை வந்து இறங்கக் குளம் இருக்க வேண்டும். முதல் விழாவுக்குக் கூடும் கூட்டத்தில் ஒரு சிறு பங்காவது இரண்டாவது விழாவுக்கும் வந்தால், ஆதிச்சநல்லூர்ப் பானையில் நிற்கும் அந்தக் கொக்கு வயலிலும் நிற்கும்.