பிராஞ்ச் வேண்டாம்... இந்த ஊர் போதும்! - ஓர் அமெரிக்க சாண்ட்விச் கடையின் கதை

ஒரு கடை ஃபேமஸ் ஆனதுமே நாலு ஊர்ல பிராஞ்ச் திறந்துடுவாங்க. அப்புறம், 'பழைய டேஸ்ட் இல்லையே'னு நாமளே புலம்புவோம். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், ஆன் ஆர்பர் என்ற பல்கலைக்கழக ஊரில் இருக்கும் 'ஸிங்கர்மேன்ஸ்' அந்த வழிக்கே போகவில்லை.

இது ஒரு 'டெலி'. அதாவது இறைச்சி, சீஸ், ஊறுகாய் விற்பதோடு, சாண்ட்விச்சும் போட்டுத் தரும் கடை. ஆரி வைன்ஸ்வைக், பால் சாகினா இருவரும் 1982-ல் ஆரம்பித்தது. ஸ்டார் ஐட்டம், 'ரூபென்'. ரை பிரெட்டுக்கு நடுவே உப்பில் ஊறிய மாட்டிறைச்சி, ஸ்விஸ் சீஸ், புளிக்கவைத்த முட்டைக்கோஸ், ரஷ்யன் டிரெஸ்ஸிங். 2014-ல் அதிபர் ஒபாமா வந்து சாப்பிட்டதும் இதைத்தான்!

ஊர் ஊராகக் கிளை பரப்பாமல், அதே வட்டாரத்தில் பேக்கரி, சீஸ், காபி எனத் தனித்தனித் தொழில்கள் தொடங்கினார்கள். 1992-ல் வந்த பேக்கரிதான் சாண்ட்விச்சுக்கு பிரெட் தருகிறது. இந்தக் கடை 1988-ல் தொடங்கிவைத்த 'ஃபுட் கேதரர்ஸ்' அமைப்பு, வீணாகப்போகும் உணவைச் சேகரித்து, இல்லாதவர்களுக்குக் கொடுக்கிறது.

ஆன் ஆர்பர்ல படிக்கிற ஃப்ரெண்ட் இருக்காங்களா? விலை கொஞ்சம் ஜாஸ்திதான். ஒண்ணு வாங்கி, ரெண்டு பேரா ஷேர் பண்ணிக்கச் சொல்லுங்க!