ஒரு ஸ்ட்ராவுக்கு 20 நாள்

1818இல் கிழக்கிந்தியக் கம்பெனி வங்காளத்தில் ஒரு சட்டம் போட்டது. குற்றச்சாட்டு வேண்டாம், விசாரணை வேண்டாம். அரசுக்கு ஆபத்தானவர் என்று கருதினாலே காலவரையின்றி அடைத்து வைக்கலாம். வெள்ளையர் போனார்கள், அந்த யோசனை போகவில்லை. அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்த மறுமாதமே, 1950 பிப்ரவரியில், தடுப்புக்காவல் சட்டம் வந்துவிட்டது.

உபா சட்டத்தில் 2008இல் சேர்த்த 43டி(5) பிரிவு இன்னும் தந்திரமானது. குற்றச்சாட்டு மேலோட்டமாக உண்மைபோலத் தெரிந்தாலே பிணை கிடையாது. வழக்கு வருடக்கணக்கில் இழுக்கும். இதைத் தாமதம் என்று நாம் சொல்ல மாட்டோம். தீர்ப்பே இல்லாத தண்டனை இது. பிணைக்கு ஆளில்லாமல் கிடக்கும் நம் சேரிப் பிள்ளைகளுக்கு இது புதிதும் அல்ல.

திருச்சி மாவட்டத்தில் பிறந்த ஸ்டேன் சுவாமி, ஜார்க்கண்ட் சிறைகளில் விசாரணைக் கைதிகளாகக் கிடந்த ஆதிவாசி இளைஞர்களுக்காக உயர்நீதிமன்றம் போனவர். 2020 அக்டோபரில், 83 வயதில், பீமா கோரேகான் வழக்கில் அவரையே கைது செய்தார்கள். பார்க்கின்சன் நோய், கை நடுங்கும், டம்ளரைப் பிடிக்க முடியாது. தலோஜா சிறையிலிருந்து ஸ்ட்ரா கேட்டு மனு போட்டார். விடுதலை அல்ல, ஸ்ட்ரா! பதில் சொல்ல என்.ஐ.ஏ. 20 நாள் அவகாசம் கேட்டது.

2021 ஜூலை 5 அன்று மும்பை உயர்நீதிமன்றம் அவரது பிணை மனுவை எடுத்தபோது, அவர் இறந்துவிட்டார் என்ற செய்திதான் நீதிபதிகளுக்குச் சொல்லப்பட்டது.