மட்டும் என்றொரு சொல்

1483-ஆம் ஆண்டில், மாதக் கணக்கில் ஒன்றன்பின் ஒன்றாக, ஐரோப்பாவில் இரண்டு குழந்தைகள் பிறந்தன. ஒன்று அக்டோபரில், வெனிஸ் நகரத்துப் பிரபு வம்சம் ஒன்றில் பிறந்தது. மற்றொன்று நவம்பரில், ஜெர்மனியிலுள்ள ஐஸ்லேபன் என்ற சிற்றூரில், சுரங்கத் தொழிலை நம்பிக் குடித்தனம் நடத்திய ஒருவரின் வீட்டில் பிறந்தது. இரண்டாவது குழந்தையின் பெயர் மார்ட்டின் லூத்தர். அதை உலகமே அறியும். முதற்குழந்தையின் பெயர் காஸ்பாரோ கொண்டாரினி. சரித்திரம் படித்தவர்களிலும் பலர் அதைக் கேள்விப்பட்டிருக்கமாட்டார்கள். ஆனாலும் இவ்விருவரையும் இளமையில் வாட்டியெடுத்த கேள்வி ஒன்றேதான். மனிதன் கடைத்தேறுவது எதனால்? கடவுளை நம்புவதனாலா, நல்ல காரியங்களைச் செய்வதனாலா? கிறிஸ்தவர்களின் பரிபாஷையில் சொன்னால், விசுவாசத்தினாலா, கிரியைகளினாலா?

இது பண்டிதர்கள் பொழுதுபோக்காகப் பேசிய விஷயமல்ல. நரகம் உண்டு என்பதில் யாருக்கும் சந்தேகமில்லாத காலம் அது. "நான் செய்தது போதுமா?" என்ற பயத்தோடுதான் மக்கள் படுத்தார்கள், எழுந்தார்கள்.

லூத்தர் 1505-இல் எர்ஃபர்ட் நகரத்து அகஸ்தீனிய மடத்தில் சேர்ந்தார். உபவாசம், இரவு விழிப்பு, ஜபம், மணிக்கணக்கான பாவசங்கீர்த்தனம் என்று ஒன்றையும் அவர் விட்டுவைக்கவில்லை. எவ்வளவு செய்தாலும் மனம் அடங்கவில்லை. பல ஆண்டுகள் வேதத்தைப் புரட்டிய பிறகுதான், கடவுள் தம்முடைய நீதியை மனிதனிடம் கேட்டு வாங்குவதில்லை, இனாமாகவே கொடுக்கிறார் என்று பவுலின் நிருபங்களிலிருந்து அவர் தெளிந்தார்.

கொண்டாரினியின் கதையும் இதைப் போன்றதே. அவருடைய ஆப்த நண்பர் ஒருவர் உலகத்தைத் துறந்து காமல்டோலி மலையிலுள்ள துறவிகளோடு போய்ச் சேர்ந்தார். சேர்ந்தவர், 'இத்தனை தவமும் போதாதோ!' என்று அங்கிருந்து கடிதம் எழுதினார். கொண்டாரினி கலங்கினார். எல்லாவற்றையும் விட்டுப்போனவனுக்கே இந்தக் கதியென்றால், ஊருக்குள் வாழும் தன் கதி என்ன? 1511-ஆம் ஆண்டு, ஈஸ்டருக்கு முந்திய சனிக்கிழமையன்று, ஒரு குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டுத் திரும்பியபோது அவருக்கு ஓர் எண்ணம் உதித்தது. மனிதன் எவ்வளவு பிராயச்சித்தம் செய்தாலும் போதாது. ஆனால் கிறிஸ்து பட்ட பாடு போதும், போதுமானதற்கு மேலும் ஆகும். இனி அச்சமின்றித் தூங்கலாம், அச்சமின்றி உழைக்கலாம் என்று அவர் தேறினார். மடத்துக்குப் போகாமல் வெனிஸ் அரசின் சேவையிலேயே இருந்துவிட்டார். நண்பர்களுக்கு அவர் எழுதிய இந்தக் கடிதங்கள் 1953-இல்தான் அச்சேறின. லூத்தர் பெயர் வெளியுலகத்துக்குத் தெரியாத காலத்திலேயே, லூத்தரைப் போன்ற ஓர் அனுபவம் இத்தாலியில் ஒருவருக்கு வாய்த்திருந்தது என்பதை அறிந்து சரித்திர ஆசிரியர்கள் ஆச்சரியப்பட்டார்கள்.

அனுபவம் ஒன்றுபோல் இருந்தும் வழி பிரிந்தது. அதற்குக் காரணம் பணம்.

ரோமாபுரியில் புனித பேதுருவின் பேராலயத்தைக் கட்டப் பாப்பரசர் பத்தாம் லியோவுக்குப் பணம் வேண்டியிருந்தது. மைன்ஸ் நகரத்துப் பேராயரான ஆல்பிரெக்ட் அந்தப் பதவிக்காக ஆக்ஸ்பர்க் நகரத்து ஃபுக்கர் என்ற வட்டிக்கடைப் பிரபுவிடம் பெருங்கடன் பட்டிருந்தார். இரண்டு தேவைகளும் கூடியதில் ஜெர்மனியில் பாவமன்னிப்புச் சீட்டு விற்பனை மும்முரமாயிற்று. வசூலில் பாதி ஆலயத்துக்கு, பாதி கடனுக்கு. மன்னிக்கப்பட்ட பாவத்துக்கு மிஞ்சி நிற்கும் தண்டனையைத்தான் சீட்டு குறைக்கும் என்பது சபையின் போதனை. சந்தையில் நின்று கேட்டவர்களுக்கோ, காசு கொடுத்தால் கதவு திறக்கும் என்றே காதில் விழுந்தது. 1517 அக்டோபர் 31 அன்று லூத்தர் தொண்ணூற்றைந்து வாதங்களை எழுதி அனுப்பினார். அதன் பிறகு நடந்ததைச் சொல்லத் தேவையில்லை.

1522-இல் லூத்தரின் ஜெர்மன் புதிய ஏற்பாடு வெளிவந்தது. பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தில், மனிதன் விசுவாசத்தினால் நீதிமானாகிறான் என்று கூறும் இடத்தில், மூலத்தில் இல்லாத ஒரு சொல்லை அவர் சேர்த்தார். 'மட்டும்' என்பதுதான் அந்தச் சொல். விசுவாசத்தினால் 'மட்டும்'! எதிரிகள் கூச்சல் போட்டார்கள். 1530-இல் லூத்தர் தனியாக ஒரு கடிதமே எழுதிப் பதில் சொன்னார்: மூலத்தில் அந்தச் சொல் இல்லையென்பது எனக்கும் தெரியும், ஆனால் கருத்து அதுதான், ஜெர்மன் பேசுகிறவன் அப்படித்தான் பேசுவான் என்பது அவருடைய சமாதானம்.

ஆனால் அதே புதிய ஏற்பாட்டில் யாக்கோபின் நிருபமும் இருக்கிறது. விசுவாசத்தினால் மட்டுமல்ல, கிரியைகளினாலும் மனிதன் நீதிமானாகிறான் என்று அது கூறுகிறது. லூத்தர் அதை வைக்கோல் போன்ற நிருபம் என்று முன்னுரையில் எழுதினார். வேடிக்கை என்னவென்றால், பவுலும் யாக்கோபும் சாட்சிக்கு அழைப்பது ஒரே ஆபிரகாமைத்தான். நட்சத்திரங்களைப் போல் சந்ததி பெருகும் என்று கடவுள் சொன்னபோது, பிள்ளையில்லாத அந்தக் கிழவர் நம்பினாரே, அந்த நாளைப் பவுல் எடுத்துக் காட்டுகிறார். பிறந்த பிள்ளையையே பலிகொடுக்கக் கூட்டிக்கொண்டு மலையேறினாரே, அந்த நாளை யாக்கோபு காட்டுகிறார். தவிரவும், 'விசுவாசம்' என்ற சொல்லுக்கு இருவரும் கொள்ளும் பொருள் வேறு. பிசாசுகளும் கடவுள் உண்டென்று நம்புகின்றன என்கிறார் யாக்கோபு. அது வெறும் ஒப்புக்கொள்ளுதல். பவுல் சொல்வதும் லூத்தர் சொல்வதும் தன்னையே ஒப்படைத்துவிடும் நம்பிக்கை. மரம் நல்லதானால் கனி தானாக வரும், கனியைக் கட்டித் தொங்கவிட்டு மரத்தை நல்லதாக்க முடியாது என்பதே லூத்தரின் கட்சி. நற்செயல் வேண்டாமென்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை.

தமிழ் வாசகர்களுக்கு இந்த வழக்கு புதிதாக இராது. தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டி, தாய் கவ்விச் செல்லும் பூனைக்குட்டி என்று நம் வைணவர்கள் இரண்டு நியாயம் சொல்வதுண்டு. ருடால்ஃப் ஓட்டோ என்ற ஜெர்மானிய லூத்தரன் அறிஞரே இவ்விரண்டையும் எடுத்து ஒப்பிட்டிருக்கிறார். ஒப்புமை முழுதும் பொருந்தாது என்றாலும், கேள்வியின் சாயல் ஒன்றுதான்.

நம் கதாநாயகர்களுக்கு வருவோம். 1521-இல் லூத்தர் சக்கரவர்த்தி ஐந்தாம் சார்லஸின் முன் விசாரிக்கப்பட்ட வோர்ம்ஸ் நகரத்துக்கு, வெனிஸ் அரசின் தூதராக வந்தவர் கொண்டாரினி. ஆனால் லூத்தரை அவர் காணவுமில்லை, பேசவுமில்லை. 1535-இல் பாப்பரசர் மூன்றாம் பவுல், குருப்பட்டம்கூடப் பெறாத கொண்டாரினியைக் கர்தினாலாக்கினார். 1541-இல் டான்யூப் நதிக்கரையிலுள்ள ரேகன்ஸ்பர்க் நகரத்தில் சமரசப் பேச்சு நடத்தச் சக்கரவர்த்தி ஏற்பாடு செய்தபோது, பாப்பரசரின் பிரதிநிதியாக வந்தவரும் அவரே.

கத்தோலிக்கர் பக்கம் எக், ப்ஃப்லூக், குரோப்பர்; புரொட்டஸ்டண்டுகள் பக்கம் மெலாங்க்தன், பூட்சர், பிஸ்டோரியஸ்; ஆக, பேச உட்கார்ந்தவர்கள் ஆறுபேர். ஏப்ரல் 27-இல் ஆரம்பித்தார்கள். மே 2-ஆம் தேதி, எந்தக் கேள்வியால் கிறிஸ்தவ உலகம் இரண்டுபட்டதோ அந்தக் கேள்வியிலேயே ஆறுபேரும் ஒத்துப்போனார்கள்! உயிருள்ள, செயலுள்ள விசுவாசத்தால் பாவி நீதிமானாகிறான். அவன் சாய்ந்திருப்பது தன் நன்மையின்மேல் அல்ல, கிறிஸ்துவின் நீதியின்மேல். அதே சமயத்தில் அன்பும் அவன் உள்ளத்தில் ஊற்றப்படுகிறது, அவன் நற்செயலில் வளரவேண்டும். இதுதான் உடன்பாட்டின் சாரம். ஒரு பிரதிநிதியாக அங்கே வந்திருந்த கால்வின், எதிர்க்கட்சியார் இவ்வளவு தூரம் விட்டுக்கொடுத்ததைக் கண்டு வியந்து நண்பருக்கு எழுதினார். கொண்டாரினியின் சந்தோஷத்துக்கோ அளவில்லை.

அந்தச் சந்தோஷம் ஒரு மாதம்கூட நிலைக்கவில்லை. நற்கருணை அப்பத்தைப் பற்றிய பேச்சிலும், சபையின் அதிகாரத்தைப் பற்றிய பேச்சிலும் கூட்டம் முறிந்தது. அது போகட்டும், ஒத்துப்போன ஷரத்தையாவது காப்பாற்றினார்களா? விட்டன்பர்க்கில் லூத்தர் அதைப் படித்துவிட்டு, இரண்டு வேறு துணிகளைச் சேர்த்துப் போட்ட ஒட்டு என்று தள்ளினார். ரோமாபுரியில் கர்தினால்களும் அதை ஏற்கவில்லை. ஒவ்வொரு கட்சியும் அந்த வாசகத்தைப் படிக்கும்போது, "எதிரி இதை எப்படித் திரித்துக்கொள்வான்?" என்றுதான் பார்த்தது. கருத்தில் வேற்றுமை இல்லவேயில்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்த வேற்றுமையைப் பொறுமையாக அளந்து பார்க்கும் நம்பிக்கை இரண்டு பக்கமும் செத்துப்போயிருந்தது. விசுவாசத்தைப் பற்றி வாதாடியவர்களுக்கு ஒருவர்மேல் ஒருவர் விசுவாசமில்லை.

கொண்டாரினி சந்தேகத்துக்கு ஆளாகி, 1542 ஆகஸ்டில் பொலோனா நகரில் காலமானார். 1546 பிப்ரவரியில் லூத்தரும், தாம் பிறந்த ஐஸ்லேபனிலேயே கண்மூடினார். நாமெல்லாரும் பிச்சைக்காரர்களே என்ற கருத்துத்தான் அவர் கடைசியாக எழுதிய துண்டுக் காகிதத்தில் இருந்தது. அதே வருஷம் ட்ரென்ட் மகாசங்கத்தில் இந்த விஷயம் விவாதத்துக்கு வந்தபோது, விசுவாசத்தின் பக்கம் பேசிய ஓர் ஆயர், தம்மை ஏளனம் செய்த இன்னோர் ஆயரின் தாடியைப் பிடித்து இழுத்துப் பிய்த்துவிட்டார்! 1547 ஜனவரி 13-இல் சங்கத்தின் தீர்ப்பு வெளியாயிற்று. கிருபை முந்தியது, மனிதன் எதைச் செய்தும் அதைச் சம்பாதிக்க முடியாது என்று அது ஒப்புக்கொண்டது. ஆனால் மனிதன் அந்தக் கிருபையோடு ஒத்துழைக்கவேண்டும், நம்பிக்கையும் அன்பும் சேராத விசுவாசம் போதாது என்று கூறி, முப்பத்துமூன்று சாபங்களையும் கூடவே விதித்தது. அதற்குள் ஜெர்மனியில் வாள் உருவியாகிவிட்டது. 1618 முதல் 1648 வரை நடந்த முப்பதாண்டு யுத்தத்துக்கு மதம் ஒன்றே காரணமல்ல. ஆனாலும் மதத்தின் பெயரால் அழிந்த கிராமங்களைக் கணக்கெடுத்து முடியாது.

1999 அக்டோபர் 31 அன்று, லூத்தரன் உலக சம்மேளனமும் கத்தோலிக்க சபையும் இந்தக் கேள்வியில் அடிப்படையான உடன்பாடு கண்டுவிட்டதாகக் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. அன்று விதித்த கண்டனங்கள் இன்றைய போதனைக்குப் பொருந்தமாட்டா என்று இருதரப்பும் அறிவித்தன. எல்லா லூத்தரன் சபைகளும் இதை ஏற்றுக்கொண்டன என்று சொல்லமுடியாது. ஆயினும் 2006-இல் மெதடிஸ்டுகளும் 2017-இல் சீர்திருத்த சபையினரும் சேர்ந்துகொண்டார்கள். ரேகன்ஸ்பர்க்கிலிருந்து இதற்கு நானூற்றைம்பத்தெட்டு ஆண்டுகள் ஆயின.

கையெழுத்தான இடம் ஆக்ஸ்பர்க் நகரத்துப் புனித அன்னாள் ஆலயம். பாவமன்னிப்புச் சீட்டு வசூலில் பாதியைப் பெற்ற ஃபுக்கர் குடும்பத்தின் சமாதி மண்டபம் அந்த ஆலயத்துக்குள்ளேதான் இருக்கிறது. அந்த யாக்கோப் ஃபுக்கர் 1521-இல் அதே ஊரில் ஏழைகளுக்கு ஒரு குடியிருப்பை ஏற்படுத்தினார். வருஷத்துக்கு ஒரு கில்டர் வாடகை. நாள்தோறும் தமது ஆத்துமாவுக்காக மூன்று ஜபம் சொல்லவேண்டும் என்பது நிபந்தனை. அந்தக் குடியிருப்பு இன்றும் இருக்கிறது. வாடகை இன்றும் ஒரு யூரோவுக்குக் குறைவுதான். யுத்தத்தில் குண்டு விழுந்து இடிந்ததையும் திரும்பக் கட்டிவிட்டார்கள். மறுபக்கம், 1523-இல் லைஸ்னிக் என்ற சாக்ஸனி ஊரார், ஏழைகளுக்கென்று ஒரு பொதுப்பெட்டி வைக்கத் திட்டமிட்டபோது, அதற்கு முன்னுரை எழுதிக்கொடுத்தவர் லூத்தர். புண்ணியம் தேடிய ஒருவரும், புண்ணியம் தேடமுடியாது என்று கண்ட ஒருவரும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் ஏழையின் வாசலுக்கு வந்திருக்கிறார்கள்.

ஏழைக்கு இருவரும் ஒன்றுதானே என்று கேட்கத் தோன்றும். வீடு வேண்டியவனுக்கு ஒன்றுதான். கொடுக்கிறவனுக்கு ஒன்றல்ல. ஒருவன் கணக்கு எழுதிக்கொண்டு கொடுக்கிறான். மற்றவன் கணக்குத் தீர்ந்துவிட்ட நிம்மதியில் கொடுக்கிறான். அந்த நிம்மதியைத்தான் 1511-இல் கொண்டாரினியும், சில ஆண்டுகள் கழித்து லூத்தரும் கண்டடைந்தார்கள். கண்டதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள அவர்களுக்கு வாய்க்கவில்லை.