வீட்டு ஒலிப்பதிவுக்கூடமும் திருவண்ணாமலைப் பாடல்களும்

வீட்டு ஒலிப்பதிவுக்கூடம் என்பது குடியிருக்கும் வீட்டின் ஓர் அறையிலேயே பாடலுக்கு மெட்டமைத்து, பதிவு செய்து, ஒலிக்கலவை வரை முடித்து வெளியிடும் அமைப்பு. தமிழ்த் திரையிசையில் இம்முறையை நிலைநிறுத்தியது ஏ.ஆர். ரஹ்மான் 1989இல் தன் வீட்டின் பின்புறத்தில் அமைத்த பஞ்சதன் பதிவுக்கூடம். பின்னர் கணினியின் வழியாக இது சிறு நகரங்களுக்கும் எட்டியது. திருவண்ணாமலை போன்ற கோயில் நகரங்களில் பக்திப் பாடல் செய்வோருக்கு இம்முறை கூடுதல் முக்கியத்துவம் உடையது. அங்கு பாடலுக்குக் கெடு வைப்பது திருவிழா நாள்காட்டி.

திருவிழா என்னும் கெடு

திருவண்ணாமலையின் கார்த்திகை தீபத் திருவிழா கொடியேற்றத்துடன் தொடங்கிப் பத்து நாட்கள் நடைபெறுகிறது. பத்தாம் நாள் மாலை ஆறு மணிக்கு 2668 அடி உயர மலையின் உச்சியில் மகாதீபம் ஏற்றப்படுகிறது. ஒவ்வொரு பௌர்ணமியிலும் பக்தர்கள் 14 கிலோமீட்டர் மலைப்பாதையை வலம் வருகிறார்கள்.

திரைப்படத்தின் வெளியீடு தள்ளிப்போகலாம், தீபம் தள்ளிப்போகாது. கொடியேற்றத்துக்கு முன் வெளிவராத தீபப் பாடல் பெரும்பாலும் அடுத்த ஆண்டுக்குக் காத்திருக்க வேண்டியதுதான். இசைச் செயலிகளில் பாடல் இடம்பெற, கோப்பைச் சில நாட்கள் முதல் சில வாரங்கள் வரை முன்னதாகவே ஒப்படைக்க வேண்டியிருப்பதால், உண்மையான கெடு திருவிழாவுக்கும் முன்பே வந்துவிடுகிறது.

கால்ஷீட் காலம்

கோடம்பாக்கத்தின் பெரிய பதிவுக்கூடங்கள் தமிழ்ப் பாடல்களை உருவாக்கிய காலத்தில், திருவண்ணாமலையைப் பற்றிய பாடலும் சென்னைக்குச் சென்றே பதிவாக வேண்டியிருந்தது. அருணகிரிநாதர் திருவண்ணாமலையில் பாடிய முதல் திருப்புகழாக மரபு கூறும் ‘முத்தைத்தரு’ பாடலை, 1964இல் வெளிவந்த ‘அருணகிரிநாதர்’ திரைப்படத்தில் டி.எம். சௌந்தரராஜன் பாடினார். அருணகிரிநாதராக நடித்தவரும் அவரே. அக்காலத்தில் பாடகரும் வாத்தியக் குழுவும் ஒரே நேரத்தில் இசைப்பதே வழக்கம். ஒருவர் தவறினால் அனைவரும் மீண்டும் தொடங்க வேண்டும்.

கூடத்தின் வாடகையும் கலைஞர்களின் ஊதியமும் கால்ஷீட் கணக்கில் நடந்தன. ஆகவே நேரமே பெரிய செலவு. இதற்கு இளையராஜா கண்ட தீர்வு, கூடத்துக்குள் நுழையும் முன்பே ஒவ்வொரு வாத்தியத்துக்கும் உரிய இசைக்குறிப்பை முழுமையாக எழுதி முடிப்பது. வாத்தியக் குழு குறிப்பைப் படித்து ஒத்திகை பார்த்த கையோடு பதிவு நடக்கும். ரமணரின் பக்தரான அவர் இசையமைத்த ‘ரமண மாலை’ பாடல்கள் திருவண்ணாமலையுடன் அவருக்குள்ள உறவைக் காட்டுபவை.

பஞ்சதன்

ரஹ்மானின் தந்தை ஆர்.கே. சேகர் மலையாளத் திரையிசையில் பணியாற்றியவர். 1976இல் அவர் மறைந்தபின், அவருடைய இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டுக் குடும்பம் வருவாய் ஈட்டியது. ரஹ்மான் பிற இசையமைப்பாளர்களிடம் கீபோர்டு வாசித்தார். பின் விளம்பரப் பாடல்களுக்கு இசையமைத்தார். ஒரு நிமிடத்துக்கும் குறைவான விளம்பர இசையை விரைவாக, குறையில்லாமல் முடித்துத் தரும் பயிற்சி அவருக்கு அங்கே கிடைத்தது.

1992இல் வெளிவந்த ‘ரோஜா’வின் பாடல்கள் பஞ்சதனில் உருவானவை. அப்படம் அவருக்குத் தேசிய விருதைப் பெற்றுத் தந்தது. அங்கு வாத்தியங்கள் தனித்தனியாகப் பதிவாயின. பாடகர் ஒரே வரியைப் பல விதமாகப் பாட, பொருத்தமானவை பின்னர் தேர்ந்தெடுக்கப்பட்டன. இரவு முழுதும் வேலை செய்தாலும் வாடகை ஏறவில்லை. அந்த ஒலியின் தரத்துக்குக் கருவிகளைப் போலவே இந்தப் பொறுமையும் காரணம்.

எனினும் கெடு மறையவில்லை. ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்தின் இசையை ரஹ்மான் சில வாரங்களிலேயே முடித்தார். 2009இல் அதற்காக இரண்டு ஆஸ்கர் விருதுகள் பெற்றார். ஒலிகளும் கருவிகளும் வேலைமுறையும் ஏற்கெனவே கைவசம் இருந்தால்தான் அவ்வேகம் இயலும்.

நாடாவிலிருந்து கணினிக்கு

உலக அளவில் இம்மாற்றம் 1979இல் டாஸ்காம் நிறுவனம் வெளியிட்ட நான்கு தட கேசட் கருவியான போர்ட்டாஸ்டுடியோவிலிருந்து வேகம் பெற்றது. அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982இல் வெளியிட்ட ‘நெப்ராஸ்கா’ அக்கருவியில் வீட்டிலேயே பதிவானது. 1983இல் வந்த மிடி முறை, வெவ்வேறு நிறுவனங்களின் மின்னணு இசைக்கருவிகளை ஒன்றோடொன்று இணைத்தது. பின்னர் பதிவு, திருத்தம், கலவை மூன்றும் ஒரே கணினிக்குள் அடங்கின. பில்லி ஐலிஷ் தன் அண்ணனுடன் பெரும்பாலும் ஒரு படுக்கையறையில் உருவாக்கிய தொகுப்பு 2020இல் ஆண்டின் சிறந்த இசைத்தொகுப்புக்கான கிராமி விருதைப் பெற்றது.

அறையும் ஒலியும்

இன்று ஒரு கணினி, ஒலி இடைமுகம், மைக், ஹெட்போன் ஆகியவை இருந்தால் பாடல் பதிவைத் தொடங்கலாம். வீட்டுப் பதிவைப் பெரும்பாலும் கெடுப்பது அறை. வெறுஞ்சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலி குரலோடு சேர்ந்து பதிவாகிவிட்டால் பின்னர் நீக்குவது கடினம். கனத்த போர்வை, மெத்தை, துணி நிறைந்த அலமாரி ஆகியவை எதிரொலியைக் குறைக்கும். மின்விசிறியை நிறுத்தி, மைக்குக்கு ஒரு சாண் தொலைவில் நின்று, ஒலியளவு உச்சத்தைத் தொடாதபடி பதிவு செய்வது வழக்கம். திருவிழா நாட்களில் தெரு ஒலிபெருக்கிகளும் வாகன ஒலிப்பான்களும் ஓயும் நேரம் குறைவு. பின்னிரவே குரல் பதிவுக்கு ஏற்றது.

பாடல் ஒலிக்கப்போகும் இடமும் கலவையைத் தீர்மானிக்கிறது. குழாய் ஒலிபெருக்கிகள் தாழ்ந்த ஒலிகளைச் சரியாகத் தருவதில்லை. ஹெட்போனில் முழங்கும் தவிலின் தொப்பிப் பக்க ஒலி அவற்றில் ஏறத்தாழக் காணாமல் போகும். ஆகவே குரலும் சொற்களும் நடு அலைவரிசையில் தெளிவாக நிற்க வேண்டும். கலவையை கைபேசியிலும் சிறு ஒலிபெருக்கியிலும் கேட்டுச் சரிபார்ப்பது இதற்காகவே.

நேரத்தைக் கெடுவிலிருந்து பின்னோக்கி எண்ணுவதே பயனுள்ள முறை. ஒப்படைக்கும் நாள், அதற்கு முன் கலவை, அதற்கு முன் காதுக்கு ஒருநாள் ஓய்வு, அதற்கும் முன் குரல் பதிவு என நாட்கள் பிரிக்கப்படுகின்றன. வரிகளும் சுருதியும் தாளமும் முதலிலேயே உறுதியானால்தான் மற்ற நாட்கள் மிஞ்சும். இளையராஜா கூடத்துக்கு வெளியே செய்து முடித்த ஆயத்தத்தின் இன்றைய வடிவம் இது.

2020

கொரோனா தொற்றால் 2020 மார்ச் முதல் பௌர்ணமி கிரிவலம் தடைப்பட்டது. அவ்வாண்டு நவம்பர் 29 அன்று மகாதீபம் வழக்கம்போல் ஏற்றப்பட்டது. பக்தர்கள் மலையேறவும் வலம் வரவும் அனுமதி இல்லை. ஊரடங்கில் பதிவுக்கூடங்கள் மூடியிருந்த மாதங்களில் பாடகர்களும் வாத்தியக் கலைஞர்களும் தத்தம் வீட்டில் பதிவு செய்த கோப்புகளை இணையம் வழியாக அனுப்ப, வேறோர் இடத்தில் அவை ஒன்று சேர்க்கப்பட்டன.

வீட்டுக்கூடம் வாடகைக் கடிகாரத்தை நீக்கியது. அதோடு ‘இத்துடன் போதும்’ என்று சொல்பவரும் இல்லாமல் போனார். திருத்திக்கொண்டே இருந்து வெளிவராமலே போகும் பாடல்கள் இம்முறையின் ஆபத்து. திருவண்ணாமலையில் பாடல் செய்பவருக்கு அந்த இடத்தை நிரப்புவது கொடியேற்ற நாள்.