சுக்குக் காப்பியில் காப்பி எங்கே?

இந்த முறை ஒரு சின்னக் கேள்வியோடு தொடங்குகிறேன். சுக்குக் காப்பி எல்லோரும் குடித்திருப்பீர்கள். அதில் காப்பித்தூள் ஒரு சிட்டிகைகூடக் கிடையாது. பிறகு ஏன் அதற்குக் காப்பி என்று பெயர்?

இந்தக் கேள்வி எனக்குள் எழக் காரணம் எங்கள் ஆச்சி. திருநெல்வேலிப் பக்கம். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. தினமும் சாயங்காலம் நாலு மணிக்குச் சுக்கு, கொத்தமல்லி, நாலு மிளகு, ஒரு திப்பிலி எல்லாவற்றையும் தட்டிப்போட்டு, கருப்பட்டி சேர்த்துக் கொதிக்கவைத்து வடிகட்டுவார். "இதக் குடிச்சாத்தான்யா எந்திரிச்சு நடமாட முடியுது" என்பார். பால் காப்பி குடித்துக்கொண்டே நாங்கள் சிரிப்போம். அந்தத் தம்ளரின் கதையைத் தேடிப் படித்தபோதுதான் அது எவ்வளவு பெரிய கதை என்று தெரிந்தது.

மருந்தின் பெயரில் நூல்கள்

சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் சேர்ந்தது திரிகடுகம். பதினெண்கீழ்க்கணக்கில் நல்லாதனார் எழுதிய நூலுக்கும் அதுவே பெயர். ஒவ்வொரு வெண்பாவிலும் மும்மூன்று கருத்துகள். மூன்று சரக்கும் உடல் நோயைத் தீர்ப்பது போல, மூன்று கருத்தும் மன நோயைத் தீர்க்கும் என்பது கணக்கு. கணிமேதாவியாரின் ஏலாதிக்கும் மருந்துப் பெயர்தான். ஏலம் ஒரு பங்கு, இலவங்கப்பட்டை இரண்டு, நாககேசரம் மூன்று, மிளகு நான்கு, திப்பிலி ஐந்து, சுக்கு ஆறு பங்கு என்று அந்தச் சூரணத்துக்கு அளவு சொல்வார்கள்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். மருந்து என்னவென்று தெரிந்தவர்களுக்குத்தான் இந்த உவமை புரியும். ஆகவே இந்த நூல்கள் தோன்றிய காலத்திலேயே, படிப்பவர்களுக்கு இந்தச் சரக்குகள் நன்றாகப் பழகியிருக்க வேண்டும்.

நமக்கு மட்டுமல்ல, உலகத்துக்கும் இவை பழக்கம். கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமாபுரியின் பிளினி விலைப்பட்டியலே எழுதிவைத்திருக்கிறார். ஒரு ராத்தல் திப்பிலி 15 தினாரியஸ், வெள்ளை மிளகு 7, கருமிளகு 4. இன்று நாட்டு மருந்துக்கடை மூலையில் கிடக்கும் திப்பிலிதான் அன்று மூன்றிலும் விலை உயர்ந்தது! ஆங்கிலத்தில் இஞ்சிக்கு வழங்கும் 'ஜிஞ்சர்' என்ற சொல்லும், கிரேக்கம், லத்தீன் வழியாகப் பின்னோக்கிப் போனால் நம் 'இஞ்சிவேர்' போன்ற ஒரு தென்னிந்தியச் சொல்லில் போய் நிற்கும் என்பது மொழியியலார் பலரின் கருத்து.

தடியை எறிந்த கிழவர்

முதுமைக்கும் இந்தச் சரக்குகளுக்கும் உள்ள உறவும் பழையதுதான். காலையில் இஞ்சி, நண்பகலில் சுக்கு, மாலையில் கடுக்காய் என்று ஒரு மண்டலம் தின்றுவந்தால், தடி ஊன்றி நடக்கும் கிழவர் தடியை எறிந்துவிட்டு நடப்பார் என்று சொல்லும் சித்த மருத்துவப் பாடல் ஒன்று உண்டு. ஆச்சியின் "நடமாட முடியுது" என்ற பேச்சு இந்த நம்பிக்கையின் தொடர்ச்சிதான்.

ஆனால் இதெல்லாம் மருந்து. தினமும் இரண்டு வேளை சூடாக, இனிப்பாக, தம்ளரில் ஊற்றிக் குடிக்கும் பழக்கம் வேறு. அது எப்போது வந்தது?

காப்பி வந்த கதை

நம் முன்னோர்கள் காலையில் குடித்தது நீராகாரம். கஞ்சியும் மோரும் உண்டு. கஷாயம் என்றால் காய்ச்சலுக்கும் அஜீரணத்துக்கும்தான். 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் ஏற்காட்டிலும் நீலகிரியிலும் காப்பித் தோட்டம் போட்டார்கள். ஆனாலும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும்தான் காப்பி நம் வீடுகளுக்குள் பரவியது. முதலில் நகரத்து நடுத்தர வர்க்கம், பிறகு மற்றவர்கள். அப்போது இதை ஒரு கெட்ட பழக்கம் என்று திட்டி எழுதியவர்களும் நிறைய. ஆய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி 2000இல் வெளியிட்ட நூலின் தலைப்பே "அந்தக் காலத்தில் காப்பி இல்லை" என்பதுதான்.

தேநீருக்கு விளம்பரமும் துணை. அரசு 1903இல் தேயிலைத் தீர்வைச் சட்டம் கொண்டுவந்தது. 1930களில் உலகச் சந்தை விழுந்தபோது, அந்தத் தீர்வைப் பணத்தில் நம் ஊர்களிலேயே தேநீர் போட்டுக்காட்டி, இலவசமாகக் கொடுத்துப் பழக்கினார்கள்.

இப்போது நம் கேள்விக்கு வருவோம். காப்பி வெறும் பானமாக வரவில்லை, ஒரு நேரத்தையும் மரியாதையையும் கூட்டிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வந்தவருக்குக் காப்பி தராவிட்டால் குறை என்றாகிவிட்டது. அந்த நேரத்தில் குடிக்கும் எந்தச் சூடான பானமும் 'காப்பி' ஆயிற்று. கருப்பட்டிக் காப்பி, மல்லிக் காப்பி, சுக்குக் காப்பி! தென்மாவட்டங்களில் காலைப் பலகாரத்தையே காப்பி என்பவர்கள் உண்டு. ஆகவே சுக்குக் காப்பியில் சரக்கு பழசு, பழக்கம் புதுசு. பழைய கஷாயம் புதிய பானத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு பிழைத்துக்கொண்டது என்று நான் நினைக்கிறேன்.

ஆச்சியும் டாக்டரும்

2020இல் கொரோனா வந்தபோது இந்தத் தம்ளருக்குத் திடீரென்று மவுசு கூடியது. மத்திய ஆயுஷ் அமைச்சகம் துளசி, இலவங்கப்பட்டை, மிளகு, சுக்கு, உலர் திராட்சை சேர்த்த கஷாயத்தைக் குடிக்கச் சொன்னது. தமிழக அரசு கபசுரக் குடிநீர் கொடுத்தது. சிரித்த நாங்களே ஆச்சியிடம் போய்ப் பக்குவம் கேட்டோம்.

அந்தச் சமயத்தில் இருமலுக்கு நல்லது என்று யாரோ சொல்ல, ஆச்சி அதிமதுரத்தையும் சேர்த்துக் கொதிக்கவைத்தார். சில வாரங்களில் ரத்த அழுத்தம் ஏறிவிட்டது. மாத்திரையைக் கூட்டும் முன் டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "பாட்டி, வீட்டுல கஷாயம் ஏதாவது குடிக்கிறீங்களா?" அதிமதுரத்தைத் தொடர்ந்து சாப்பிட்டால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும் என்று அவர் விளக்கினார். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் இஞ்சி, சுக்கை அதிகம் சேர்ப்பதற்கு முன் டாக்டரைக் கேட்க வேண்டும், கருப்பட்டியும் சர்க்கரைதான், நீரிழிவுக்காரர்கள் மறந்துவிடக் கூடாது என்றும் சொன்னார். குமட்டலுக்கு இஞ்சி உதவும் என்பதற்கு ஆய்வுச் சான்று இருக்கிறது. தடியை எறியவைக்கும் என்பதற்கு இல்லை.

அப்படியானால் ஆச்சியின் தெம்பு எங்கிருந்து வருகிறது? சுக்கில் கஃபீன் கிடையாது. உறைப்பும் சூடும் கருப்பட்டியின் இனிப்பும் ஒரு காரணம். நாலு மணிக்கு எழுந்து, அடுப்படிக்கு நடந்து, தன் கையால் தட்டிப்போட்டுக் கொதிக்கவைக்க ஒரு வேலை இருப்பது இன்னொரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இப்போது அதிமதுரம் இல்லை, கருப்பட்டியும் பாதிதான். ஆனால் நாலு மணி மாறவில்லை. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் என்ன கொதிக்கவைக்கிறார்கள் என்று இன்றே கேட்டுப் பாருங்கள். பக்குவத்தை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அப்படியே டாக்டரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.